பேசாத வாடிக்கையாளர்

மாணவிகளைத் தொழிலிடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இந்த ஆண்டு முதன்முறையாக ஏற்கும் உங்களிடம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, வருகைப் பதிவை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. ஒரு மாணவி தன் கற்றலைத் தானே நடத்திக்கொள்ளத் தொடங்கும்போது என்ன நேரக்கூடும் என்பதை மட்டும் சொல்கிறேன். அது பெரும்பாலும் நல்லதாகவே முடியும். நான் சொல்லப்போவது அப்படி முடியாத ஒன்றை.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வணிகவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு மாணவிகள் சில வாரங்கள் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. பயிற்சியை முடிக்காதவர்கள் தேர்வு எழுத முடியாது. ஆனால் அங்கே போய் என்ன கற்க வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லை. ஆகவே நாங்களே ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டோம். வாரத் தொடக்கத்தில் ஒவ்வொருத்தியும் தனக்கென ஓர் இலக்கை வைத்துக்கொள்வாள். அதை எட்டினாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அளவுகோலையும் அவளே தீர்மானிப்பாள். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பில் கூடி வாய்மொழியாகச் சொல்வாள். நான் மதிப்பெண் போடமாட்டேன். கேள்வி மட்டும் கேட்பேன்.

வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. அடையாறில் தண்ணீர்ப் பம்பு விற்கும் அலுவலகத்துக்குப் போன ஒருத்தி, யாரிடமும் கேட்காமல் ஒரு வேலையை முழுதாக முடிப்பது என்று இலக்கு வைத்தாள். ஊர் வாரியாக இருந்த கோப்புகளையெல்லாம் வாடிக்கையாளர் பெயர் வாரியாக அழகாக அடுக்கி முடித்தாள். மேலாளர் அலமாரியைத் திறந்து, "ஏம்மா, தஞ்சாவூர் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாராம். அவள் அதை நடித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்ற பாடம் எல்லோருக்கும் எளிதாகப் புரிந்தது. கேட்டும் சொல்லாத இடங்கள் உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பத்மாவை நான் தியாகராய நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு அனுப்பியிருந்தேன். ரங்கநாதன் தெருவில், மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருந்த கடை. தெற்கேயிருந்து வந்து மூன்று தலைமுறையாக வணிகம் செய்யும் குடும்பம். விற்பனையாளர்கள் அனைவரும் ஆண்கள். "பொம்பளப் பிள்ளையப் பாயில உக்கார வச்சு வியாபாரம் பண்ணினதில்ல, மிஸ்" என்று முதலாளி தயங்கினார். பிறகு, "வாங்க வாரவுக எல்லாம் பொம்பளைக. பார்க்கலாம்" என்று இணங்கினார். பத்மா சரியாகச் செய்தால் அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றவர்களுக்கும் இடம் தருவதாக ஒப்புக்கொண்டார். அது எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. பத்மாவுக்கும் அது தெரியும்.

அவளுடைய வீடு கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் ஒன்றில் இருந்தது. அப்பா அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மகள் ஒரு புடவைக் கடையில் உட்காரப்போகிறாள் என்பதை அவர் அரைமனதோடுதான் ஏற்றார். படிப்பு முடிந்தால் ஒரு வங்கித் தேர்வு எழுதிப் பார்க்கலாம் என்பது பத்மாவின் ஆசை. பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு பட்டம், பிறகு வேலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் அவள் அடுக்கி வைத்திருந்தாள். அந்த அடுக்கில் கீழே இருந்தது இந்தக் கடை.

முதல் வாரம் பார்ப்பது மட்டும் என்று வைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் மடிப்பு. விரித்த புடவையை வாடிக்கையாளர் கண்ணெதிரே மடித்து வைத்தால் அவர் ஆசை போய்விடும், அடுத்ததை அதன்மேலேயே விரிக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்களுக்குச் செய்து காட்டினாள். மூன்றாம் வாரம் பேச்சு. வந்தவரை உட்கார வைத்து, 'என்ன விசேஷம்?' என்று கேட்பதில் தொடங்கி, பொட்டலத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, 'மறுபடியும் வரணும்' என்று கைகூப்புவது வரை கடையில் ஒரு வரிசை இருந்தது. அதை அவள் ஒரு வார்த்தை பிசகாமல் கற்றாள்.

நான்காம் வாரத்துக்கான இலக்கை அவள் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பேசாத வாடிக்கையாளர்னு ஒரு வகை இருக்கு, மிஸ். பெரும்பாலும் ஆம்பளைகள். தனியா வருவா. என்ன வேணும்னு சொல்ல மாட்டா. வெறுமனே உட்கார்ந்திருப்பா. அவாளை எல்லாரும் மூலையில இருக்கிற செல்லையா அண்ணாச்சிகிட்ட அனுப்பிடறா. அவர் ரெண்டே ரெண்டு புடவை காட்டறார். ஒண்ணும் கேக்கறதில்ல. குங்குமம்கூட வைக்க மாட்டார். மறுபடியும் வாங்கோன்னு ஒரு வார்த்தை கிடையாது. நல்ல வியாபாரி, மிஸ், அவர். மத்தவா கிட்ட அவ்வளவு நன்னாப் பேசறார். இவாகிட்ட மட்டும் ஏன் இப்படின்னு புரியலை. இதுல நான் ஏதாவது செய்ய முடியும்னு தோணறது. அவாளைப் பேச வைக்கணும். அதுதான் என் இலக்கு."

"அவரைக் கேட்டாயா?" என்றேன்.

"கேட்டேன், மிஸ். 'அது அப்படித்தாம்மா, நீ அந்தப் பக்கம் வரண்டாம்'னுட்டார்."

கற்பவள் ஒருத்தி தானாகக் கவனித்து, தானாக ஒரு வேறுபாட்டைக் கண்டு, கேட்டும் பார்த்துவிட்டு, தன் வேலையை வகுத்துக்கொண்டிருக்கிறாள். இதைவிட நான் என்ன எதிர்பார்க்க முடியும்? அந்த அமைதிக்கு என்ன காரணம் என்று எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தை மாதம். முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை மாலை பத்மாவின் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார இடமில்லை. முதலாளி என்னை மாடிக்கு அழைத்துப்போய்க் காபி வரவழைத்தார். "பிள்ளை கெட்டிக்காரி, மிஸ். ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் கீழே நடந்ததைப் பத்மாவும் அண்ணாச்சியும் பிறகு சொன்னார்கள்.

செல்லையா அண்ணாச்சியின் பாயில் ஒரு கல்யாணக் குடும்பம் முழுதாக உட்கார்ந்திருந்தது. தனியாக வந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், பத்மாவின் பாயில் இருந்த ஒரே இடைவெளியில் உட்கார்ந்தார். பித்தான் மாறிப் போட்ட சட்டை. நாலு நாள் தாடி.

"வாங்க சார். யாருக்கு சார் புடவை?"

"தங்கச்சிக்கு. நாளிக்கு காலைல வேணும்."

"என்ன விசேஷம், சார்?"

அவர் பேசவில்லை.

"கல்யாணமா? சீமந்தமா?"

அதற்கும் பேசவில்லை. அவள் அந்த வாரம் முழுதும் காத்திருந்த மனிதர் அவர்தான். பக்கத்துப் பாயிலிருந்த கல்யாணக் குடும்பத்து அம்மாள் ஒருத்தி, "அண்ணன்னா இப்படி இருக்கணும்டீ. எங்கண்ணன் ஒரு ரவிக்கைத் துணி எடுக்கச் சொன்னாலே மூக்கால அழுவான்" என்று சொல்லவும், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தாள். அரக்குச் சிவப்பில் அகலச் சரிகை போட்ட புடவை ஒன்றை எடுத்து, முந்தானை அவர் மடியில் போய் விழும்படி வீசி விரித்தாள். கடையில் எல்லோரும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. அதையும் சொன்னாள்.

"இதைக் கட்டிண்டு வந்தா மாப்பிள்ளை கண்ணை எடுக்க மாட்டார், சார்."

அவர் மடியில் கிடந்த முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு இரண்டு கைகளாலும் அதை எடுத்து, கசங்காமல் அவள் பக்கம் நீட்டினார். எழுந்தார். "தப்பா நெனைக்காதம்மா" என்றார். அவர் படியிறங்கும்போதும் அவள் தன் வரிசையை விடவில்லை. எழுந்து நின்று, "மறுபடியும் வரணும், சார்" என்று கைகூப்பினாள்.

நான் மாடியிலிருந்து இறங்கியபோது செல்லையா அண்ணாச்சி கல்யாணக் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு அவளருகில் வந்து நின்றிருந்தார்.

"என்னம்மா பண்ணிட்ட! அவர் கோடி எடுக்க வந்தவர்ம்மா."

உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து, காரியத்தின்போது ஒரு புதுப்புடவை வர வேண்டும். கொண்டுவருகிறவன் பெரும்பாலும் அண்ணனோ தம்பியோதான். அதைத்தான் கோடி என்பார்கள். எங்கள் வீடுகளிலும் வந்திருக்கிறது. பத்மாவும் நானும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் ஆண்கள் மட்டுமே. கடையில் அந்தப் புடவை எப்படிக் கேட்கப்படுகிறது, எப்படித் தரப்படுகிறது என்பதை எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. வந்தவர் வாய்திறந்து சொல்லமாட்டார். விற்பவர் கேட்கமாட்டார். மங்கலப் பொருள் வைப்பதில்லை. மறுபடியும் வரச் சொல்வதில்லை. சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

"நான் கேட்டேனே, அண்ணாச்சி. ஏன் சொல்லலை?" என்றாள் பத்மா. அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருந்தது.

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "கல்யாணம் ஆகாத பிள்ளைகிட்ட அந்தப் பேச்சை எப்படிம்மா எடுக்க? எனக்கு வாய் வரலை."

இளம் ஆசிரியர்களே, இந்த இடத்தில் சற்று நிறுத்துகிறேன். அவர் பொறாமையால் மறைக்கவில்லை. அவளை ஏளனம் செய்யவும் இல்லை. தன் மகளிடம் எதைச் சொல்லமாட்டாரோ அதை அவளிடமும் சொல்லவில்லை. அன்பினால் மறைக்கப்படுவதை எந்தத் திட்டமும் கண்டுபிடிக்காது. அவளுடைய இலக்கு தெளிவாக இருந்தது, அளவுகோல் தெளிவாக இருந்தது, உழைப்பு குறையில்லாமல் இருந்தது. அவற்றின் துணையோடுதான் அவள் அந்த மனிதரைக் கடையை விட்டு வெளியே அனுப்பினாள்.

"நாளைக்குக் காலைல வேணும்னார், மிஸ்" என்றாள்.

"வேறு கடைக்குப் போயிருப்பார்."

"போக மாட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கம்தான் திரும்பினார். இனிமே எந்தக் கடையிலயும் ஏற மாட்டார். நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் பொறந்தாத்துப் புடவை இருக்காது. எல்லார் நடுவுலயும் இருக்காது, மிஸ்."

பயிற்சி மாணவி வேலை நேரத்தில் கடையை விட்டுப் போகலாமா, பணம் பெறாத சரக்கை வெளியே கொண்டுபோகலாமா, முதலாளியிடம் கேட்க வேண்டாமா, எல்லாமே எனக்குத் தோன்றின. மேலே போய்க் கேட்டு, விளக்கி, அனுமதி பெற்று வருவதற்குள் ரயில் வந்துவிடும். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் அதற்குள் இரண்டு புடவைகளை எடுத்து, கடைப் பெயர் போட்ட மஞ்சள் பையைத் தவிர்த்து, கோடிக்கு வழக்கம்போல வெறும் பழுப்புத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இந்தக் கூட்டத்த விட்டுட்டு என்னால வர ஏலாது. முகம் தெரிஞ்சவ அவதான்" என்றார். பத்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் போனேன். அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்றும் அதையே செய்வேன்.

மாம்பலம் நிலையத்தில் தாம்பரம் போகும் வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. நடைமேடை காலியாகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பெஞ்சில் இருந்தார், வண்டியில் ஏறவில்லை.

"இன்னாம்மா, எதுனா விட்டுட்டு வந்துட்டனா?" என்றார், பத்மாவைக் கண்டதும்.

"இல்லை, சார்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியலை, சார். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். சிரிச்சிருக்கவும் மாட்டேன்."

"உன்னை யாரு குத்தம் சொன்னா? நல்லா கீதேம்மா, அதுக்கோசரம் ஓடி வந்தியா? எல்லாக் கடையிலயும் அப்படித்தான் கேக்குறாங்க. வாசல்லயே கேக்குறாங்க, இன்னா விசேஷம்னு. நான் இன்னான்னு சொல்றது?"

அவள் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். ஒன்று மங்கிய பழுப்பு. மற்றொன்று கருநீலம். அவர் ஒன்றைத் தொட்டார். "ஏதோ ஒண்ணு குடும்மா."

பத்மா கொடுக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், சார்?" என்று கேட்டாள்.

"புடிச்ச கலர் கட்டவா போவுது அது, இனிமே?"

அவள் பதில் சொல்லவில்லை. பேச வைக்கவும் முயலவில்லை. நின்றாள். எதிர்த் தண்டவாளத்தில் கடற்கரை போகும் வண்டி ஒன்று வந்து, நின்று, போயிற்று.

"பச்சை" என்றார் அவர். "கிளிப் பச்சை. அதைக் கட்னா, கொய்யா மரத்துல உக்காந்து கீறியான்னு மாப்ள கிண்டல் பண்ணுவான். இதுக்குக் கோவம் வரும். கோவம் வந்துச்சின்னா மறுநாளும் அதையே கட்டும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் உடைந்தது.

"இதுல பச்சை இல்லை, சார். இருங்கோ, வந்துடறேன்" என்று அவள் பொட்டலத்தோடு திரும்பி ஓடினாள். நான் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தேன்.

"உங்க தங்கச்சியா?"

"என் மாணவி."

"இன்னா படிக்குது?"

"வியாபாரம்" என்றேன்.

"வியாபாரமா!" என்றார். அவர் நங்கநல்லூர்க்காரர் என்பதும், பழவந்தாங்கலில் இறங்க வேண்டும் என்பதும், அடுத்த வண்டி எப்போது என்று அவர் யாரையோ கேட்டபோதுதான் தெரிந்தது.

பத்மா கிளிப் பச்சைப் புடவையோடு வந்தாள். "கோடிக்குப் பச்சையாம்மா?" என்று அண்ணாச்சி தயங்கினாராம், பிறகு அவரே தேடி எடுத்துக் கொடுத்தாராம். நங்கநல்லூர்க்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு வண்டியேறினார். அவள் எதுவும் சொல்லவில்லை. கையும் கூப்பவில்லை. வண்டி கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றாள்.

திரும்பி நடக்கும்போது சொன்னாள். "இலக்கே தப்பு, மிஸ். பேசாதவாளைப் பேச வைக்கணும்னு வெச்சேன். ஏன் பேசலைன்னு புரிஞ்சுக்கணும்னுதான் வெச்சிருக்கணும்." தன் இலக்கின் குறையைத் தானே கண்டு, தானே மாற்றி வைத்த மாணவி என் பணிக்காலத்தில் வேறு யாரும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாலைப்பொழுதுக்குள், ஒருவர் துயரத்தின் எதிரில் நின்று, அதைச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

கல்யாணம் ஆகாத பெண் கோடிப் புடவையைக் கையில் ஏந்திக்கொண்டு, விளக்கேற்றும் நேரத்தில், அந்தக் கூட்டத் தெருவில் இப்படியும் அப்படியுமாகப் போய்வந்ததைப் பல கடைக்காரர்கள் பார்த்திருந்தார்கள். முதலாளிக்கும் தெரிந்தது. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதராகையால்தான் மறுநாளே மயிலாப்பூருக்கு நேரில் போய்ப் பத்மாவின் தந்தையிடம் சொன்னார். கோடியைத் தொட்ட தோஷத்துக்குக் கோயிலில் ஏதாவது பரிகாரம் செய்துவிடும்படி கேட்டுக்கொண்டாராம். சனிக்கிழமை காலை என்னிடம், "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு, மிஸ். பெத்தவுகளுக்குத் தெரியாம விட்டா அது பாவம். பாயில உக்காந்தா இன்னாரு இன்னதுக்கு வருவாகன்னு சொல்ல முடியாது. அதனால இனிமே பொம்பளப் பிள்ளைக வேண்டாம்" என்றார். எப்படி மறுப்பது? வருகிறவர் கோடிக்கு வருகிறாரா என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத வரையில் ஒரு கன்னிப்பெண் அங்கே உட்கார முடியாது. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

பிற்பகல் கூட்டத்துக்குப் பத்மா வரவில்லை. மாலை அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் தந்தை என்னை உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மேல தப்புன்னு சொல்லலை. நாளைக்கு அவளைப் பொண்ணு பார்க்க வரா. நல்ல இடம். மெட்ராஸ்ல ஒரு பேச்சு ஒரு தெருவோட நிக்கறதில்லை. நாலு வருஷம் கழிச்சு அந்த மாப்பிள்ளைக்கு ஒரு ஜுரம் வந்தாக்கூட இதைத்தான் சொல்லுவா. அவ தாங்குவளா?"

அவர் சொன்னது மூடநம்பிக்கை என்று எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அவர் அஞ்சியது சகுனத்துக்கு அல்ல, மனிதர்களுக்கு.

"இன்னும் ரெண்டு வாரம்தான். அடையாறில் ஓர் அலுவலகத்தில் இடம் கேட்கிறேன். பயிற்சி முடியாவிட்டால் தேர்வு எழுத முடியாது" என்றேன்.

பத்மா உள்கூடத்து வாசலில் நின்றிருந்தாள். அவள் தந்தை என் முகத்தை நேராகப் பார்த்து, மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அந்தப் புடவையை நீங்கதானே எடுத்துண்டு போனேள்? பத்மா துணைக்கு வந்தா. அவ்வளவுதானே?"

அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஆம் என்றால் அவர் நம்புவார். ஊரிடமும் அதையே சொல்வார். பெண் தேர்வு எழுதுவாள். எனக்கு இழப்பு எதுவும் இல்லை. எனக்கும் அப்போது திருமணமாகியிருக்கவில்லை. ஆனால் முப்பதை நெருங்கிவிட்ட ஓர் ஆசிரியையின் கையில் எந்தப் பொட்டலம் இருந்தால் யாருக்கு என்ன? கடைத்தெருவில் பார்த்தவர்கள் இருக்கிறார்களே என்ற எண்ணமும் வந்தது. சாயங்காலக் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று சாதித்துவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்கும் தீங்கில்லாத ஒரு பொய். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லைப்பா. நான்தான் எடுத்துண்டு போனேன்" என்றாள் பத்மா.

அவர் திரும்பவில்லை. "மிஸ்ஸைத்தானே கேட்டேன்?"

"மிஸ் ஆமான்னு சொல்லிடுவா. அதான் முந்திண்டேன்."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அது வலித்தது என்பதை நான் பார்த்தேன்.

"அப்போ படிச்சது போறும்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பத்மா என்னோடு தெரு வாசல்வரை வந்தாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "ஒரே ஒரு வார்த்தை, பத்மா. சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க எடுத்துண்டு போனதா ஆயிட்டா, அன்னிக்கு நான் கத்துண்டது உங்களோடதாயிடும், மிஸ்" என்றாள். "பட்டம் அப்பா வேண்டாம்னா போயிடும். இது போகாது. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

தன் கற்றலைத் தானே நடத்த வேண்டும் என்று வாரந்தோறும் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் அதை நான் நினைத்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டாள். உங்கள் மாணவிகளில் ஒருத்தியும் ஒருநாள் அப்படிப் போகக்கூடும். அதற்கான விலையை அவள் தனியாகத்தான் கொடுப்பாள். அப்போது அவளைத் தடுக்கவும் உங்களால் முடியாது, காப்பாற்றவும் முடியாது. அவள் வீட்டு வாசல்வரை போய் நிற்கலாம். அதையாவது செய்யுங்கள்.

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "பத்மா, நாளைக்கு வரவாளுக்குப் பஜ்ஜி போட வாழைக்காய் வாங்கணும்டீ. கடை மூடிடப் போறான்."

"இதோ வரேம்மா" என்றாள். என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். திங்கட்கிழமை புது வாரத்து இலக்கைச் சொல்ல அவள் கல்லூரிக்கு வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை.